கிட்டங்கித் துறையும் கல்முனைக் கடைத்தெருவும்
(ஒரு பொருளாதார வரலாற்று நோக்கு)

ஆலய மலர்களிலே தல வரலாறும் சமய தத்துவங்களும் பற்றிய கட்டுரைகள் இடம்பெறுவது வழமை. எமது ஆலயத்தின் இவ்வாண்டு மலருக்குச் சற்று வேறான ஒரு விடயத்தை எடுத்துக்கொள்ள விரும்பினேன். கொடியேற்றத்துக்கு முதல் வாரம் ஆலயத்துக்கு வேண்டிய சாமான்களின் பட்டியல் எழுதப்படுகின்றதல்லவா? பட்டு, கற்பூரம், சந்தனம், வெல்லம், பயறு, நெய், பந்தற் சோடனைக்குரிய துணி, மின்குமிழ் என்று அது நீண்டுகொண்டே போகும். பட்டியலை எழுதி முடித்ததும் “கல்முனைக்குப் போகவேணும்” என்பதே எமது ஊரவர் வாயில் வரும் அடுத்த வார்த்தை. பிள்ளையின் பாடசாலைக் கொப்பி முதல் மகளின் தாலிக்கொடி வரை அந்தக் கடைத்தெருவிலேதான் வாங்கி வந்திருக்கிறோம். எமது நெல்லும் அங்கேதான் போய்ச் சேர்ந்தது. ஆயினும் கல்முனை எப்படி வளர்ந்தது, அதிலே எமது வயல்களின் பங்கு என்ன என்பதை நம்மில் பலர் சிந்தித்ததில்லை. இளைய தலைமுறைக்கு அதனைச் சொல்லி வைப்பது கடமை எனக் கருதி இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

நீருக்கு நடுவே ஓர் ஊர்

கல்முனை மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே ஏறக்குறைய 40 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது. 1961ஆம் ஆண்டு அம்பாறை மாவட்டம் தனியாகப் பிரிக்கப்படும் வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. கிழக்கே வங்கக்கடல், மேற்கே கரைவாகு வயல்வெளி. வயலைத் தாண்டினால் நாம் கிட்டங்கி ஆறு என்று சொல்லும் நீர்ப்பரப்பு. கடலுக்கும் நீருக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்றிட்டிலே பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, நற்பிட்டிமுனை, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என ஊர்கள் வேலியோடு வேலி தொட்டு நிற்கின்றன. தமிழூர் எங்கே முடிகிறது, முஸ்லிமூர் எங்கே தொடங்குகிறது என்பதை வெளியூரார் கண்டுபிடிப்பது கடினம்.

கிட்டங்கி நீர்ப்பரப்பு மட்டக்களப்பு வாவியின் தென்கோடியோடு தொடர்புடையது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய இவ்வாவியே வீதிகள் இல்லாத காலத்தில் இப்பிரதேசத்தின் பெருந்தெருவாக விளங்கியது. “கிட்டங்கி” என்ற சொல்லுக்குப் பண்டசாலை என்பது பொருள். நெல்லும் பிற பண்டங்களும் இறக்கி ஏற்றப்படும் ஒரு துறைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது? இதைப் போலவே சம்மாந்துறை என்ற பெயரும் “சம்பான் துறை” என்பதிலிருந்து வந்தது எனக் கூறுவர். சம்பான் என்பது ஒருவகைப் படகாகும். நெல் விளையும் ஊருக்குப் படகின் பெயர் வாய்த்ததென்றால் விளைந்த நெல் எந்த வழியாக வெளியே போயிற்று என்பது விளங்கும்.

மணற்றிட்டில் நெல் விளையாது. வயற்புறத்தில் மீன், உப்பு, துணி கிடைக்காது. ஒரு கரையில் இருப்பது மறுகரையில் இல்லை என்ற இந்த நிலையே கல்முனை வணிகத்தின் வித்து எனலாம்.

பழைய காலத்து வியாபாரம்

போர்த்துக்கேயர் இலங்கையின் மேற்குக் கரையோரத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, 1626ஆம் ஆண்டளவில் கண்டி மன்னன் செனரத் அவர்களில் ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பிரதேசத்தில் குடியேற்றினான் என்பது வரலாறு. அதற்கு முன்னரும் இக்கரையிலே முஸ்லிம்கள் வாழ்ந்தனர். 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டினர். 1638இல் அக்கோட்டை ஒல்லாந்தர் கைக்கு மாறியது. கோட்டைகளைப் பிடிக்க ஐரோப்பியர் சண்டையிட்டதற்குக் காரணம் இக்கரையோரமே கண்டி இராச்சியத்தின் கடல்வாசலாக இருந்தமைதான்.

மலைநாட்டிலே உப்பு இல்லை. எனவே கரையோரத்து முஸ்லிம் வணிகர்கள் உப்பையும் கருவாட்டையும் துணியையும் பொதிமாடுகளில் ஏற்றிக் கூட்டங்கூட்டமாக ஊவாவுக்கும் கண்டிக்கும் கொண்டு சென்றனர். இப்பொதிமாட்டுக் கூட்டத்தைத் “தவளம்” என்பர். திரும்பி வரும்போது பாக்கும் பிற மலைநாட்டுப் பண்டங்களும் வந்தன. சில முஸ்லிம்கள் இவ்வாறு வழிச்செல்லும் வணிகத்தைத் தொழிலாகக் கொண்டனர். வேறு பலர் எம்மைப் போலவே கமக்காரராயினர். ஆங்கிலேயர் காலத்திலே கரையோர மணலில் தென்னந்தோட்டங்கள் எழுந்தன. தேங்காயும் கொப்பராவும் நெல்லோடு சேர்ந்து கொண்டன.

களவெட்டியும் கடைக்கணக்கும்

அக்கால வயற் பொருளாதாரத்தைப் புரிந்துகொண்டால்தான் கடைத்தெருவின் வளர்ச்சி விளங்கும். நிலம் போடியாருக்குரியது. வேளாண்மையைப் பொறுப்பெடுத்து நடத்துபவர் முல்லைக்காரர். அவருக்குக் கீழே வயற்காரர். வாய்க்கால் நீரைப் பங்கிட வட்டவிதானை. சூடு மிதித்து முடிந்ததும் களவெட்டியிலேயே பொலி பங்கிடப்பட்டது. தமிழ்ப் போடியாரின் வயலில் முஸ்லிம் முல்லைக்காரரும், முஸ்லிம் போடியாரின் வயலில் தமிழ் வயற்காரரும் பாடுபட்டமை சர்வசாதாரணம்.

இரு சமூகத்தாருக்கும் பொதுவான இன்னொரு வழமையும் குறிப்பிடத்தக்கது. மட்டக்களப்புப் பிரதேசத்துத் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையைப் பின்பற்றுபவர்கள். மகளுக்கு வீடு கொடுத்து, மருமகனை அங்கு வரவழைப்பதே எமது முறை. நான்கு பெண்மக்கள் இருந்தால் நான்கு வீடு கட்டவேண்டும். தகப்பனுடைய உழைப்பில் பெரும்பங்கு கல்லாகவும் மரமாகவும் ஓடாகவும் மாறியது. இக்காலத்தில் சீமெந்தும் கம்பியும் சேர்ந்துவிட்டன. கல்முனையிலே இரும்புக்கடைகளும் தளபாடக் கடைகளும் நகைக்கடைகளும் இத்தனை இருப்பதன் இரகசியம் இதுவேயாகும். சீதனத்தின் சுமையால் தேய்ந்துபோன தகப்பன்மாரையும் நாம் அறிவோம். கடைத்தெருவின் செழிப்பிலே அவர்களுடைய வியர்வையும் கலந்திருக்கின்றது.

கமக்காரனுக்குக் காசு வருவது ஆண்டில் ஒரு தடவை அல்லது இரு தடவை. ஐப்பசி, கார்த்திகையில் விதைத்தால் மாசி, பங்குனியிலேதான் அறுவடை. இடைப்பட்ட மாதங்களில் அடுப்பெரிவது எப்படி? கடை முதலாளியின் கடன் கொப்பியே கைகொடுத்தது. விதைப்புக் காலத்தில் சாமானைக் கடனாக எடுத்து, அறுவடையில் நெல்லாகவோ காசாகவோ தீர்ப்பது வழக்கமாயிற்று. இதிலே நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. ஈடு எதுவும் வையாமல் முகத்தைப் பார்த்துக் கொடுக்கும் கடன் அது. ஆனால் எல்லோரும் ஒரே மாதத்தில் நெல்லை விற்க வேண்டியிருந்ததால் அறுவடைக் காலத்தில் விலை விழுந்தது. நெல்லைச் சேமித்து வைக்க வசதியுள்ளவர் சில மாதம் பொறுத்து நல்ல விலைக்கு விற்றார். கடனாளி விழுந்த விலைக்கே கொடுத்தான்.

இந்நிலையைச் சீராக்க அரசாங்கம் பல முயற்சிகளை மேற்கொண்டது. நெல்லுக்கு உத்தரவாத விலை வழங்கப்பட்டது. 1957இலிருந்து பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் ஊர்தோறும் எழுந்தன. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகைக்காரரின் உரிமையைப் பாதுகாக்க முயன்றது. 1971இல் நெல் சந்தைப்படுத்தும் சபை நிறுவப்பட்டது. இவற்றால் கமக்காரர் ஓரளவு மூச்சுவிட்டனர். எனினும் கடன் கொப்பி மறைந்துவிடவில்லை.

பாலம், புகையிரதம், பஸ்

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே வாவியைக் கடக்கும் கல்லடிப் பாலம் 1924இல் அமைக்கப்பட்டது. அக்காலத் தேசாதிபதியின் மனைவியின் பெயரால் அது லேடி மானிங் பாலம் எனப்பட்டது. 1928இல் மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்து சேர்ந்தது. இவ்விரண்டும் கல்முனையின் தலைவிதியை மாற்றின. அதுவரை வாவி வழியே சென்ற பண்டங்கள் கரையோர வீதிக்கு மாறின. கல்முனையிலிருந்து வண்டியிலும் பின்னர் லொறியிலும் மட்டக்களப்புக்குப் போய், அங்கிருந்து புகையிரதத்தில் கொழும்பு செல்லலாம் என்ற நிலை உண்டாயிற்று. 1958இல் பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டபின் சிறிய ஊர்களிலிருந்தும் மக்கள் கல்முனைக்கு வந்துபோவது இலகுவாயிற்று.

படகுத்துறையிலே ஊர் வளர்ந்தது ஒரு காலம். வீதிச் சந்தியிலே ஊர் வளர்ந்தது அடுத்த காலம். கரையோர வீதியோடு வயற்புற வீதிகள் வந்து சேருமிடத்தில் கல்முனை அமைந்திருந்தது. மெதடிஸ்த மிசனரிமார் அமைத்த பாடசாலையும் நீதிமன்றமும் ஏனைய அலுவலகங்களும் அங்கே இருந்தன. காரைதீவில் 1892இல் அவதரித்த சுவாமி விபுலாநந்தர் ஆங்கிலக் கல்வியைத் தொடங்கியதும் கல்முனையிலேதான். வழக்குக்கும் வைத்தியத்துக்கும் படிப்புக்கும் வந்தவர்கள் திரும்பும்போது கடையிலே சாமான் வாங்கினர். ஓர் ஊர் நகரமாவது இப்படித்தான்.

ஆனால் எமது பக்கத்துக்குப் பாலமும் பாதையும் இலகுவில் வரவில்லை. மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் மிதவைக்கு எமது வழக்கிலே “பாதை” என்று பெயர். குருமண்வெளிப் பாதையேறி மண்டூர் முருகனிடம் போனவர்களுக்கு அது நன்கு தெரியும். மண்முனைத் துறையிலே பாதை ஓடிய இடத்தில் 2014இல்தான் பாலம் வந்தது. கிட்டங்கியிலோ மாரி பெருகினால் தாம்போதிக்கு மேலே வெள்ளம் பாயும். அந்நாட்களில் எமது பிள்ளைகளுக்குப் பாடசாலை இல்லை, நோயாளிக்கு ஆசுபத்திரி இல்லை, கல்முனைக் கடைக்காரருக்கு எமது பக்கத்து வியாபாரமும் இல்லை.

பட்டிப்பளை ஆற்றின் நீர்

கல்முனையின் வளர்ச்சிக்கு அடுத்த பெரிய காரணம் பட்டிப்பளை ஆறு. கல்லோயா என்று அரசாங்கப் பதிவுகளில் வழங்குவது இதுவே. அக்காலத்திலே மாரியில் வெள்ளம், கோடையில் வறட்சி என்பதே எமது வயல்களின் நிலை. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. பிரதமர் டி.எஸ். சேனநாயக்காவின் அரசாங்கம் இங்கினியாகலையில் ஆற்றுக்கு அணைகட்டும் வேலையை ஓர் அமெரிக்க நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அவ்வணையால் உண்டான சேனநாயக்க சமுத்திரம் சுமார் 770,000 ஏக்கர் அடி நீரைக் கொள்ளக்கூடியது. காட்டை வெட்டிக் குடியேற்றக் கிராமங்கள் அமைக்கப்பட்டன. “நாலாம் கொலனி, ஐந்தாம் கொலனி” என்று இன்றும் நாம் எண்ணாற் சொல்லும் ஊர்கள் அவ்வாறு வந்தவையே.

வாய்க்கால் நீர் கிடைத்த இடங்களில் ஒருபோகம் இருபோகமாயிற்று. பெரும்போகத்தோடு சிறுபோகமும் விளைந்தால் கடைக்காரருக்கும் ஆண்டில் இருமுறை கொப்பி தீரும். சம்மாந்துறை, நிந்தவூர்ப் பக்கங்களில் நெல் ஆலைகள் பெருகின. உழவு இயந்திரமும் பசளையும் கிருமிநாசினியும் புதிய வியாபாரங்களாயின. இதே குடியேற்றம் இனங்களுக்கிடையே மனக்கசப்பையும் கொண்டுவந்தது. 1956இல் கல்லோயாவில் நடந்த வன்செயலை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள்.

நீர்ப்பங்கீட்டிலும் குறை இருந்தது. வாய்க்காலின் தலைப்பகுதியில் இருப்பவர் வேண்டியமட்டும் நீரை எடுத்துக்கொண்டால் கடைக்கோடியில் இருப்பவருக்கு எஞ்சுவது சேறுதான். இடதுகரை வாய்க்காலின் தலைப்பகுதியில் பெரும்பாலும் சிங்களக் கமக்காரரும் கடைக்கோடியில் தமிழ்பேசும் கமக்காரரும் இருந்தமையால் நீர்ப்பிரச்சினை இனப்பிரச்சினையாகவும் தோற்றியது.

இங்கேதான் நாம் பெருமையோடு நினைக்கவேண்டிய ஒரு நிகழ்ச்சி நடந்தது. 1980களின் தொடக்கத்தில் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இடதுகரையிலே கமக்காரர் அமைப்புகளை உருவாக்கும் முயற்சியில் இறங்கின. படித்த இளைஞர்கள் கிராமங்களிலே தங்கி, ஒரு வாய்க்காலில் நீரெடுப்போரை ஒன்றுகூட்டினர். 1981இல் சமுத்திரத்தில் நீர் மிகக் குறைந்திருந்த கோடையிலே கமக்காரர் தாமே வாய்க்காலைத் துப்புரவு செய்து, முறைவைத்து நீரெடுத்து, மிஞ்சிய நீரைக் கீழே விட்டனர். தலைப்பகுதிச் சிங்களக் கமக்காரர் சேமித்த நீர் கடைக்கோடித் தமிழ்பேசும் கமக்காரரின் வயலுக்கு வந்து சேர்ந்தது. நாட்டிலே இனப்பகை மூண்டுகொண்டிருந்த வேளையில் இது நடந்தது. நீர்முகாமைத்துவம் பற்றிப் படிப்போர் உலகின் பல பாகங்களிலும் கல்லோயாவை இன்றும் உதாரணமாகக் காட்டுகின்றனர். நாமோ எமது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதில்லை.

மருதமுனைத் தறிகள்

நெல்லையடுத்து இப்பிரதேசத்தின் புகழ்பெற்ற உற்பத்தி மருதமுனைக் கைத்தறி நெசவாகும். பாவு கட்டுவது, நூல் சுற்றுவது, சாயமிடுவது, நெய்வது என்று ஒரு சாறனுக்குப் பின்னே ஒரு குடும்பமே இருக்கும். வீட்டிலிருந்தபடியே பெண்கள் உழைக்க வழிசெய்த தொழில் இது. 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது உள்ளூர்த் துணிக்கு நல்ல கிராக்கி இருந்தது. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்ததும் வெளிநாட்டுத் துணி மலிவாக வந்து குவிந்தது. தறிகள் பல ஓய்ந்தன.

இதிலே கவனிக்கவேண்டிய முரண்பாடு ஒன்றுண்டு. தறியை ஓய வைத்த அதே திறந்த பொருளாதாரம் கல்முனைக் கடைத்தெருவைப் பன்மடங்கு பெருக்கியது. இறக்குமதித் துணியும் வானொலியும் தொலைக்காட்சியும் மோட்டார் சைக்கிளும் விற்கும் கடைகள் நிரம்பின. அதே காலத்திலேயே மத்திய கிழக்குக்கு வேலைதேடிப் போவதும் தொடங்கியது. அங்கிருந்து வந்த பணம் வீடாகவும் நகையாகவும் கடையாகவும் மாறியது. நாம் உற்பத்தியாளர் என்ற நிலையிலிருந்து வாங்குவோர் என்ற நிலைக்கு மெல்ல நகர்ந்தோம். ஆயினும் மருதமுனையில் நெசவு முற்றாக அழியவில்லை. தரத்தைக் காத்து, புதிய வடிவங்களைக் கண்டவர்கள் இன்றும் தொழிலை நடத்துகின்றனர்.

விழாக்களும் வியாபாரமும்

சமயவிழாவும் சந்தையும் எமது மண்ணில் இணைபிரியாதவை. பாண்டிருப்பு திரௌபதை அம்மன் ஆலயத்தின் 18 நாள் உற்சவமும் தீமிதிப்பும் நாடறிந்தவை. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலிலே நாகூர் ஆண்டகையின் நினைவாக நடக்கும் கொடியேற்ற விழாவும் அவ்வாறே. வளையற்கடை, மிட்டாய்க்கடை, விளையாட்டுச் சாமான் கடை என்று இரு விழாக்களிலும் தெருவோரக் கடைகள் நிரம்பும். தீமிதிப்புக்கு வரும் அடியார் முஸ்லிம் கடையிலே மஞ்சட்சேலை வாங்குவார். கடற்கரைக் கந்தூரிக்கு எமது பக்கத்துத் தாய்மாரும் நேர்த்தி வைத்துப் போவதுண்டு. கதிர்காமத்துக்கு நடந்துபோகும் பாதயாத்திரை அடியார்களும் இக்கரையோர வழியாகவே செல்கின்றனர். கடவுளின் பெயரால் மக்கள் கூடுமிடத்தில் ஏழை வியாபாரியின் அடுப்பும் எரிகின்றது.

கடை பூட்டிய காலங்கள்

ஒரு நகரத்தின் பலம் அது செழித்த நாட்களைவிடத் துன்பப்பட்ட நாட்களிலே தெரியும். 1978 நவம்பர் 23ஆந் திகதி இரவு வீசிய சூறாவளி தென்னைகளையும் கூரைகளையும் சாய்த்தது. அந்த அழிவிலிருந்து மீள எல்லோரும் சேர்ந்தே பாடுபட்டனர்.

அதன் பின் வந்தது மனிதர் கொண்டுவந்த அழிவு. 1985 ஏப்ரலில் காரைதீவுப் பக்கத்திலே தமிழர், முஸ்லிம்களிடையே வன்செயல் மூண்டது. 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியபோது கல்முனையிலே தமிழ் மக்கள் பலர் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஓகஸ்ட்டில் காத்தான்குடியிலே பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். இழந்த உயிர்களுக்கு ஈடில்லை. பொருளாதார நோக்கிலும் அது பேரழிவாயிற்று. ஆற்றுக்கு மேற்கே இருந்த தங்கள் வயல்களுக்குப் போக முஸ்லிம் கமக்காரர் அஞ்சினர். கல்முனைச் சந்தைக்குப் போக எம்மவர் அஞ்சினர். அவர்களுடைய வயலில் பற்றை வளர்ந்தது. எம்முடைய நெல்லுக்கு விலை இல்லாமற் போயிற்று. கூலி வேலை செய்த இருபக்கத்து ஏழைகளுமே முதலில் பட்டினி கிடந்தனர்.

2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கியது. இலங்கையிலே ஆகக்கூடிய உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்திலேதான். 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு எங்கணும் கரையோர வீடுகள் அள்ளுண்டு போயின. கடற்கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாதென முதலில் விதிக்கப்பட்டது. ஏற்கனவே ஒடுங்கிய மணற்றிட்டிலே நிலம் மேலும் அரிதாயிற்று. வயலை மண்ணிட்டு நிரப்பி வீடு கட்டுவது பெருகியது.

அச்சமயம் எமது குடும்பத்தில் நடந்த ஒன்றை இங்கு சொல்லலாம். கடல் பொங்கியது பெரும்போகத்தின் நடுப்பகுதி. பசளை, மருந்து எல்லாம் கடனுக்கு எடுத்திருந்த நேரம். என் அண்ணர் வழமையாகச் சாமான் எடுக்கும் கடை கடற்கரைப் பக்கத்தில் இருந்தது. கடையும் போயிற்று, கடன் கொப்பியும் போயிற்று. முதலாளியின் உறவினர் சிலரும் போயினர். வெள்ளாமை வெட்டியதும் அண்ணர் அவரைத் தேடிப்போனார். தற்காலிகக் கொட்டிலொன்றில் அவர் இருந்தார். “காக்கா, என்ட கணக்கு நாலு அந்தர் பசளையும் ரெண்டு போத்தல் மருந்தும்” என்று சொல்லிக் காசை வைத்தார். முதலாளி அதை எண்ணவில்லை. “தம்பி, நீங்க ஏழாவது ஆள். கொப்பி போனாலும் ஆக்கள் இருக்கிறாங்க” என்றார். கொஞ்ச நாளில் அவர் மீண்டும் கடை திறந்தார். அதற்குப் பின்பும் பல ஆண்டுகள் அண்ணர் அங்கேதான் சாமான் எடுத்தார். வங்கிக் கடனும் நிவாரணமும் கல்முனையை எழுப்பின என்பது உண்மை. அவற்றோடு இவ்வாறான ஏழு பேரும் சேர்ந்தே எழுப்பினர்.

அண்மைக் கால நிலை

கல்முனை 2001இல் மாநகரசபையானது. 1995இல் தொடங்கிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் அமைந்தது. 2009இல் போர் முடிந்தபின் வீதிகள் அகன்றன, புதிய வங்கிகளும் பெருங்கடைகளும் வந்தன. 2013இல் கல்லடியில் புதிய பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஒலுவிலில் துறைமுகமும் திறக்கப்பட்டது. ஆனால் துறைமுக வாயிலை மணல் மூடியது. அயலிலுள்ள கரையைக் கடல் அரித்து, மீனவரும் தென்னந்தோட்டக்காரரும் பாதிக்கப்பட்டனர். பெருஞ்செலவிலே கட்டிய துறைமுகம் எதிர்பார்த்த வணிகத்தைக் கொண்டுவரவில்லை. துறைமுகமே இல்லாத கல்முனை வணிக நகராக வளர்ந்திருக்கின்றது. மக்கள் ஏற்கனவே கூடிப் பழகிய இடத்திலேதான் வியாபாரம் வேர்விடும் என்பதற்கு இது சான்று.

2019 ஏப்ரலின் உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின்னர் மீண்டும் சந்தேகம் தலைதூக்கியது. “அவர்களுடைய கடைக்குப் போகாதே” என்ற பேச்சு எழுந்தது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது எமது வயல்களின் விளைச்சல் வீழ்ந்தது. தொடர்ந்து 2022இல் நாடு முழுவதும் பொருளாதாரம் சரிந்தது. அப்போது நாம் கண்டது என்ன? நெல் குறைந்ததும் புடைவைக்கடையிலும் நகைக்கடையிலும் கூட்டம் குறைந்தது. கடைக்காரர் தமிழரா, முஸ்லிமா என்று அந்த நட்டம் பார்க்கவில்லை.

நாம் கற்க வேண்டியவை

இவ்வரலாற்றிலிருந்து மூன்று விடயங்களை எமது இளைஞர்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

முதலாவது, வயலே கடைத்தெருவின் தாய். கரைவாகு வட்டையையும் ஏனைய வயல்களையும் நிரப்பி வீடும் கடையும் கட்டிக்கொண்டே போனால் வெள்ளம் வடிய இடமிராது, நெல்லும் இராது. கிட்டங்கி ஆற்றிலே குப்பை கொட்டுவோரும் தங்கள் கல்லாப்பெட்டிக்கே மண் அள்ளிப் போடுகின்றனர்.

இரண்டாவது, நெல்லை நெல்லாகவே விற்பதில் இலாபம் குறைவு. விழுந்த விலைக்கு விற்று, சில மாதத்தின் பின் அதே நெல்லின் அரிசியைக் கூடிய விலைக்குக் கடையில் வாங்குகின்றோம். கமக்காரர் சங்கங்கள் சேர்ந்து உலர்த்தவும் சேமிக்கவும் ஒரு களஞ்சியம் வைத்திருந்தால் இந்நிலை மாறும். எங்கள் துறையின் பெயரே கிட்டங்கி. ஆனால் எங்களுக்கென்று ஒரு கிட்டங்கி இல்லை. மருதமுனையில் தரத்தால் நிலைத்து நிற்கும் நெசவாளரைப் பார்த்து, எமது பெண்களும் அரிசிமா, பொரிமா, ஒடியல் போன்றவற்றை நல்ல முறையில் பொதிசெய்து அதே கடைத்தெருவில் விற்கலாம்.

மூன்றாவதே முக்கியமானது. வியாபாரம் நம்பிக்கையில் நிற்கின்றது. கல்முனையில் பிரதேச செயலகம், சபை, எல்லை என்பன பற்றிப் பல ஆண்டுகளாகப் பிணக்கு உண்டு. தமிழருக்கும் நியாயமான குறைகள் உண்டு, முஸ்லிம்களுக்கும் உண்டு. அவற்றைப் பேசித் தீர்க்கவேண்டியவர்கள் பேசட்டும். ஆனால் எல்லைக்கோடு கடைத்தெருவின் நடுவே விழுந்தால் தோற்பவர்கள் இருபுறத்து ஏழைகளே. 1990இல் நாம் அதைப் பட்டு அறிந்தோம். பட்டறிந்ததை மறப்பது பேதைமை.

1981இன் கோடையிலே வாய்க்காலின் தலைப்பகுதியார் மொழி வேறாயினும் கீழே உள்ளவனுக்கும் பயிர் உண்டு என்றெண்ணி நீரை விட்டார்கள். 2004இன் பின்னர் கடன்காரர் கொப்பி இல்லாதபோதும் கணக்கைத் தீர்த்தார்கள். நீரும் நம்பிக்கையும் ஓடிக்கொண்டிருக்கும் வரை ஆற்றுக்கு இக்கரையும் அக்கரையும் வாழும்.

இம்முறை திருவிழாச் சாமான் வாங்கக் கல்முனைக்குப் போகும்போது கிட்டங்கியில் சற்று நின்று இருகரையையும் பாருங்கள். எங்கள் பாட்டன்மார் தோணியில் நெல்லேற்றிய துறை அது. அம்பாளின் திருவருளால் மாரி அளவாய்ப் பெய்யவும், வயல் விளையவும், அயலார் உறவு தழைக்கவும் வேண்டி இக்கட்டுரையை நிறைவு செய்கின்றேன்.

சுபம்.